சுடிதார் டாப்பில் பாக்கெட்: டெய்லரிடம் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

மழைக்கால டீச்சர்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்தான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மேல்கம்பி. கட்டணமில்லாப் பயணம் என்றாலும் சீட்டு தருகிறார்கள், பரிசோதகர் கேட்டால் காட்ட வேண்டும். அதை வைக்கக்கூட உடம்பில் ஓர் இடம் கிடையாது. பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறேன். போன் அடித்தால் தோள்பையைத் துழாவ வேண்டும், பக்கத்தில் நிற்பவருக்கு முழங்கையால் ஓர் இடி.

துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் பாக்கெட் கேட்கிறேன். "இடுப்பு புடைத்துத் தெரியும், ஷேப் போய்விடும், சைடு ஓபன் கிழியும்" என்று பதில் தயாராக இருக்கிறது. ஒரே ஒரு கடையில் வைத்துக் கொடுத்தார்கள். அதில் மூன்று விரல் போகிறது, மிச்சக் கை வெளியே நிற்கிறது.

இப்போது ஒரு காட்டனும் ஒரு ரேயானும் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டும் சாதாரண சைடு ஓபன் டாப்தான். பாக்கெட்டில் என்னென்ன வகை உண்டு, எதை எப்படிக் கேட்டால் மறுக்காமல் தைப்பார்கள்? கிறிஸ்துமஸ் நெரிசல் தொடங்கிவிட்டால் எந்தக் கடையிலும் நின்று பேச முடியாது. அதற்கு முன்னால் சொல்லுங்கள்.

சாரம்கட்டி

டீச்சர், எங்கள் கட்சிக்கு வந்துவிடுங்கள். சாரத்துக்கு, அதாவது லுங்கிக்கு உள்ளே பட்டாபட்டி, பட்டாபட்டிக்குள்ளே பை. மழை, திருடன், வீட்டுக்காரி மூன்று பேருக்கும் எட்டாது. என்ன, பைசா எடுக்கும்போது கடைக்காரர் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

ஊசிமுனை

அண்ணாச்சி, தொடங்கும்போதே திசை திருப்ப வேண்டாம்.

டீச்சர், நான் மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் இருந்தே தைக்கிறேன், பெண்கள் துணி மட்டும். உங்களுக்கு வேண்டியது சைடு பாக்கெட். முன்பக்கத் துணியும் பின்பக்கத் துணியும் சேரும் பக்கத் தையலிலேயே ஒரு வாய் விட்டு, உள்ளே பை தொங்கும். துணியை எங்கும் கீற வேண்டாம், வெளியே தெரியாது, கூலியும் பெரிதாக ஏறாது. உங்களுக்கு மூன்று விரல் பாக்கெட் வைத்தவர், வெட்டி மிஞ்சிய துண்டில் பை எடுத்திருப்பார். துண்டு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு பாக்கெட்.

வாய் 6 இஞ்சுக்குக் குறைந்தால் கை போகாது. வாயின் அடியிலிருந்து பை இன்னும் 4, 5 இஞ்ச் இறங்கவில்லை என்றால் போன் வெளியே எட்டிப் பார்க்கும். இப்போதைய போன்கள் பெரும்பாலும் 16 சென்டிமீட்டர் நீளம், அதாவது 6 இஞ்சுக்கு மேலே. அந்தப் போனையே கடைக்குக் கொண்டுபோய் துணிமேல் வைத்துக் காட்டுங்கள். பெயர் சொல்லிப் புரியவைப்பதைவிட இது சுலபம்.

ரேயான் டாப்பில் பாக்கெட் வேண்டாம் என்பது என் கருத்து. ரேயான் நனைந்தால் பலம் இழக்கும், இழுத்தால் தொங்கும். நம் ஊரில் இடவப்பாதி மழை, ஐப்பசி மழை இரண்டும் உண்டு. ஈரமான ரேயானில் போனைப் போட்டால் ஒரு பக்கம் முழங்கால் வரை வழிந்துவிடும்.

கோட்டாறு டெய்லர்

நான் ஆண்கள் துணி தைப்பவன், சட்டை, பேண்ட், கோட். ஊசிமுனை அம்மா சொன்னது சரி. ரேயானில் மட்டும் எனக்கு வேறு கருத்து, அதைக் கீழே சொல்கிறேன்.

சைடு ஓபன் இருந்தால் பாக்கெட் வைக்க முடியாது என்று சொல்லும் டெய்லரிடம் ஒன்று கேளுங்கள்: ஜிப்பா தைத்ததே இல்லையா? ஜிப்பாவுக்கும் இரண்டு பக்கமும் ஓபன் உண்டு, அதற்கு மேலே பக்கத் தையலில் பாக்கெட் உண்டு. தாத்தா காலத்திலிருந்து அதில் மூக்குப்பொடி டப்பா, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி எல்லாம் கிடக்கிறது. யாருக்கும் ஓபன் கிழியவில்லை.

வித்தியாசம் எங்கே என்றால், ஜிப்பா லூஸ், டாப் பிடிப்பு. இடுப்புச் சுற்றளவைவிட துணி நாலு இஞ்சாவது தாராளமாக இல்லை என்றால் எந்த சைடு பாக்கெட்டும் வாய் பிளந்துகொண்டு நிற்கும். அதைத்தான் "ஷேப் போய்விடும்" என்கிறார்கள். பாக்கெட்டின் குற்றம் இல்லை, பிடிப்பின் குற்றம்.

ஓபன் கிழிவதற்குக் காரணம் வேறு. பாக்கெட் வாயின் அடியும் ஓபனின் தலையும் ஒட்டி வந்தால் நடுவில் தையல் நிற்க இடமில்லை. ஓபனை வழக்கத்தைவிட 2 இஞ்ச் கீழே இறக்கி, பாக்கெட் வாயைக் கொஞ்சம் மேலே ஏற்றி, இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு இஞ்ச் மூடிய தையல் விட வேண்டும். அந்த ஒரு இஞ்சின் இரண்டு முனையிலும் முன்னும் பின்னும் ஓட்டி நெருக்கித் தைக்க வேண்டும். பையை முன்பக்கமாக மடக்கிவிட வேண்டும், பின்பக்கம் போனால் உட்காரும்போது போன்மேல் உட்காருவீர்கள்.

ரேயானுக்கு: பக்கத் தையலில் 1 இஞ்ச் அகலத்துக்குக் காட்டன் நாடாவை மேலிருந்து கீழே வைத்து ஓட்டினால் இழுவை நாடாவுக்குப் போகும், துணிக்கு வராது. பையும் காட்டன் பாப்ளினில் இருக்கட்டும். இது கடையில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேளுங்கள்.

ஊசிமுனை

நாடா நல்ல யோசனைதான். ஆனால் ரேயான் டாப்புக்குக் கொடுக்கிற கூலிக்கு யாரும் செய்ய மாட்டார்கள் அண்ணே.

இன்னொரு வழி: இடுப்பில் ஜாயின்ட் வரும் மாடல் எடுத்தால், அம்பர்லா கட் மாதிரி, பையின் மேல் ஓரத்தை அந்த இடுப்புத் தையலுக்குள்ளேயே சேர்த்துப் பிடித்துவிடலாம். போனின் கனம் இடுப்பில் நிற்கும், பக்கத் தையலில் தொங்காது. எனக்குத் தெரிந்து பெண்கள் துணியில் இதைவிட உறுதியான பாக்கெட் இல்லை. சைடு ஓபன் இல்லாததால் கிழிகிற பேச்சும் இல்லை.

மழைக்கால டீச்சர்

அம்பர்லா கட் பள்ளிக்கூடத்துக்குச் சரிவராது, சைக்கிள் ஸ்டாண்டில் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஜிப்பா விஷயம் கேட்டதும் எனக்குக் கோபம் வருகிறது. அப்பாவின் ஜிப்பாவில் இருப்பது எனக்கு ஏன் முடியாது என்று இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லையா?

மணிமேடை

கேட்டிருக்கிறார்கள், பதில்தான் எல்லா ஊரிலும் ஒன்று. 2018இல் ‘தி புடிங்’ என்ற அமெரிக்க இணைய இதழ் 20 பிராண்டு ஜீன்ஸ்களின் பாக்கெட்டை அளந்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிட சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. அகலத்தில் அவ்வளவு பிடிக்கவில்லை, ஆழத்தில்தான் பாதியை வெட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வெளியே இருந்து பார்த்தால் பாக்கெட் மாதிரியே இருக்கும், கை விட்டால்தான் விஷயம் தெரியும்.

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து பெண்கள் பாவாடைக்கு உள்ளே இடுப்பில் நாடா கட்டி இரண்டு பை தொங்கவிட்டிருந்தார்கள். பாவாடையின் பக்கத்தில் ஒரு பிளவு, அதன் வழியாகக் கை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பைக்குத் தூரத்துச் சொந்தம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடை ஒல்லியாகி உடம்போடு ஒட்டியதும் உள்ளே பைக்கு இடமில்லை, கையில் பிடிக்கும் சின்னப் பை வந்தது. கோட்டாறு அண்ணாச்சி பிடிப்பு பற்றிச் சொன்னதேதான் அங்கேயும் நடந்திருக்கிறது.

இந்தக் குமரி மாவட்டத்தில் மேலாடை போடுவதற்கே பெண்கள் தெருவில் நின்று அடிவாங்க வேண்டியிருந்தது. 1859 ஜூலை 26 அன்றுதான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து அறிவிப்பு போட்டது, அதையும் நிபந்தனையோடு. அதை நினைத்தால் பாக்கெட் கேட்பதெல்லாம்...

சாரம்கட்டி

மணிமேடை சார், தோள்சீலைப் போராட்டத்துக்குத் தனி இழை திறங்கள், நானும் வருகிறேன். இங்கே அளவு போய்க்கொண்டிருக்கிறது.

குளச்சல் காற்று

நான் கடலுக்குப் போகிறவன். எங்களுக்கு வேறு பிரச்சினை. நிக்கரில் சாதாரணத் துணிப் பை இருந்தால் தண்ணீரில் இறங்கியதும் பலூன் மாதிரி ஊதிக்கொள்ளும். ஏறி வந்த பிறகும் அரைப்படி தண்ணீர் தொடையில் ஆடும். ரெடிமேட் நீச்சல் நிக்கரில் பை வலைத் துணியில் இருக்கும், தண்ணீர் நிற்காது. தைத்த நிக்கர் என்றால் பையின் அடிமூலையில் இரண்டு ஐலெட், அதாவது வளையம் வைத்த ஓட்டை, அடித்துக்கொள்ளச் சொல்வேன்.

ஜிப் வைப்பதானால் பிளாஸ்டிக் ஜிப். இரும்பு ஜிப் உப்புக்காற்றில் ஒரு சீசனிலேயே பூத்து நின்றுவிடும், இழுத்தால் பல்லோடு வரும். வெல்க்ரோ வேண்டாம், மணல் ஏறினால் ஒட்டாது. போன் எப்படியும் பாலித்தீனில் சுற்றித்தான், பாக்கெட்டை நம்பி யாரும் போன் கொண்டுபோவதில்லை.

சட்டைப் பாக்கெட் எங்களுக்கு ஆகவே ஆகாது. வள்ளத்தைத் தள்ளும்போது நெஞ்சுதான் முட்டும்.

பனைவிளை

குளச்சல் காற்று சொன்ன கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் தாத்தா பனை ஏறியவர். அருவாப்பெட்டி அவருக்கு முதுகுப் பக்கம் இடுப்பில்தான் கட்டியிருக்கும். பாளை அரிவாள், பாளையை நசுக்கும் கடிப்பு எல்லாம் அதற்குள். சின்ன வயதில் அதை ஏன் முன்னால் கட்டக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். பதில் சொல்லாமல் என்னைத் தூக்கி மரத்தோடு சேர்த்துப் பிடித்தார். வயிறும் நெஞ்சும் மரத்தில் உரசியது, புரிந்துவிட்டது. உரசாத பக்கம், ஆனால் ஒரு கை பின்னால் போனால் பார்க்காமலே எட்டுகிற இடம். பேண்டின் பின் பாக்கெட்டும் அதே இடத்தில்தானே இருக்கிறது.

கோட்டாறு டெய்லர்

பனைவிளை தம்பி, நான் புதிதாகத் துணி தைக்கக் கொடுக்க வருபவர்களிடம் முதலில் கேட்பது அதுதான். உள்ளே என்ன வைப்பீர்கள், எந்தக் கையால் எடுப்பீர்கள், எடுக்கும்போது நிற்பீர்களா உட்கார்ந்திருப்பீர்களா? இதற்குப் பதில் தெரிந்தால் வகை தானாக வந்துவிடும்.

உதாரணமாக பேண்டின் முன் பாக்கெட். நேர் சைடு பாக்கெட் என்றால் பக்கத் தையலோடு செங்குத்தாக வாய். பார்க்க அழகு, ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்தால் சில்லறை முழுவதும் சீட்டில் கிடக்கும். கிராஸ் பாக்கெட் என்றால் இடுப்புப் பட்டியிலிருந்து பக்கத் தையலுக்குச் சாய்வாக வரும், கை சுலபமாகப் போகும், கொட்டுவதும் குறைவு. அதனால்தான் தைக்கிற பேண்ட் பெரும்பாலும் கிராஸ். ஆனால் அந்தச் சாய்வு துணியின் குறுக்கு இழையில், அதாவது நெய்த இழைகளுக்கு மூலைவாட்டில் விழுகிறது. குறுக்கு இழை ரப்பர் மாதிரி நீளும். வாய் ஓரத்தில் நாடாவோ நேர் இழைத் துண்டோ வைத்துத் தைக்காவிட்டால் ஆறு மாதத்தில் காது மாதிரி மடிந்து நிற்கும். மூன்றாவது ஜீன்ஸில் வரும் எல் பாக்கெட். வாய் ஏறக்குறையப் படுக்கையாக இருப்பதால் ஒன்றும் விழாது, ஆனால் உட்கார்ந்தபடி சாவி எடுக்க முடியாது. பைக் நிறுத்தி இறங்கியவர்கள் காலை நீட்டி இடுப்பைத் தூக்கிச் சாவி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்றும் நல்லது, மூன்றும் மோசம்.

பேண்டின் பின்னால் வருவது போன் பாக்கெட். நீங்கள் பேசுகிற போன் இல்லை, டெய்லர் கடையில் அதற்குப் பெயரே அதுதான். துணியின் நடுவில் கீறல் போட்டு உதடு வைத்துத் தைப்பது. உதடு ஒன்றென்றால் சிங்கிள் போன், மேலும் கீழும் இரண்டென்றால் டபுள் போன். இதை வைத்துத்தான் நாங்கள் ஒரு கைக்காரனை எடைபோடுவோம்.

சாக்கால் ஐந்தரை இஞ்சுக்கு ஒரு கோடு. பின்னால் துணியை விறைப்பாக்க பக்ரம் அல்லது பேஸ்டிங். கோட்டின் மேலும் கீழும் கால் இஞ்ச் விட்டு இரண்டு துண்டுத் துணியை வைத்து இரண்டு ஓட்டம். இரண்டு ஓட்டமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஒரு தையல்கூட முன்பின் ஆகக் கூடாது. பிறகு நடுவில் கத்தரி. முனைக்கு அரை இஞ்ச் இருக்கும்போது நேராகப் போகாமல் வி மாதிரி இரண்டாகப் பிரிந்து கடைசித் தையலின் காலடி வரை வெட்ட வேண்டும். ஒரு நூல் முன்னால் நின்றால் திருப்பும்போது மூலை சுருங்கும். ஒரு நூல் தாண்டினால் பேண்டில் ஓட்டை, அந்தப் பீஸ் போச்சு. வெட்டிய பின் உதடுகளை உள்ளே திருப்பினால் இரண்டு முனையிலும் ஒரு குட்டி முக்கோணம் நாக்கு நீட்டும். அதை உள்ளே தள்ளி, உதட்டோடு சேர்த்து முன்னும் பின்னும் மூன்று தடவை ஓட்டினால்தான் மூலை நிற்கும். ரெடிமேடில் இதற்குத் தனி மெஷின், ஒரு தட்டில் முடிந்துவிடும். கையால் செய்பவருக்கு மூச்சு பிடித்துக்கொள்ளும்.

மணிமேடை

அண்ணாச்சி, மூலையை உறுதிப்படுத்துவது என்றதும் ஞாபகம் வருகிறது. ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் இருக்கும் செம்பு ஆணியைக் கண்டுபிடித்தவர் பெரிய கம்பெனிக்காரர் இல்லை, ஒரு டெய்லர். ஜேக்கப் டேவிஸ், நெவாடாவின் ரீனோ ஊரில் கடை. ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி, கிழியாத பேண்ட் தைத்துக் கொடுங்கள் என்று வந்து கேட்டார். குதிரைப் போர்வைக்கு அடிக்கிற ஆணி கடையில் கிடந்தது, அதையே பாக்கெட் மூலையில் அடித்துப் பார்த்தார். காப்புரிமை வாங்கத் தனக்கு வசதியில்லை என்று துணி சப்ளை செய்த லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்தார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. பேண்டுக்கு இல்லை, பாக்கெட் வாயை ஆணியால் உறுதிப்படுத்தும் முறைக்கு.

அப்போது பின்னால் ஒரே பாக்கெட்தான், 1901இல்தான் இரண்டாவது வந்தது. பின் பாக்கெட் ஆணி நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகிறது என்று 1937இல் துணிக்கு உள்ளே மறைத்தார்கள். 1966இல் எடுத்தே விட்டார்கள், அந்த இடத்தில் நெருக்கத் தையல் வந்தது.

கோட்டாறு டெய்லர்

அந்த நெருக்கத் தையலுக்குப் பெயர் பார்-டாக். சட்டைப் பாக்கெட்டின் இரண்டு மேல் மூலையிலும் சின்ன முக்கோணமாக ஒரு தையல் ஓடியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுவும் அதே வேலைக்குத்தான். அந்த முக்கோணம் இல்லாத சட்டையைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். முதலில் பிய்வது தையல் இல்லை, பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சட்டைத் துணி.

இடதுகை

சட்டை என்று வந்ததால் கேட்கிறேன். எனக்கு இடதுகைப் பழக்கம். எல்லாச் சட்டையிலும் பாக்கெட் இடது நெஞ்சில். பேனா எடுக்க இடதுகையை மடக்கி இடது நெஞ்சுக்கே கொண்டுபோக வேண்டும், அல்லது வலதுகையால் எடுத்து இடதுகைக்கு மாற்ற வேண்டும். வலது பக்கம் வைத்துத் தரச் சொன்னால் கடையில் சிரிக்கிறார்கள்.

கோட்டாறு டெய்லர்

சிரிப்பவரிடம் தைக்காதீர்கள். சட்டைப் பாக்கெட் ஒட்டுப் பாக்கெட், பேட்ச் என்போம். தனித் துண்டாக வெட்டி, ஓரம் மடித்து, மேலே வைத்து மூன்று பக்கம் ஓட்டுவது. இடமோ வலமோ வேலை ஒன்றுதான். ஒரே நிபந்தனை, வெட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். கோடு போட்ட துணி, கட்டம் போட்ட துணி என்றால் பாக்கெட் துண்டை முன்பக்கத்தோடு கோடு சேரும்படி பார்த்து எடுக்கிறோம். பிறகு வந்து சொன்னால் சேராது.

இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள், கண்டக்டர் சட்டை ஆகிவிடும்.

குளச்சல் காற்று

கண்டக்டர் சட்டைக்கு என்ன குறை மக்கா?

கோட்டாறு டெய்லர்

ஒரு குறையும் இல்லை, நான் அழகைச் சொன்னேன். காக்கிச் சட்டைப் பாக்கெட் உண்மையில் நல்ல வேலைப்பாடு. நடுவில் பெட்டி மடிப்பு இருக்கும், நோட்டுப் புத்தகம் வைத்தால் விரியும், எடுத்தால் அடங்கும். மேலே மூடி, பொத்தான். குனிந்தால் விழாது, மழை நேரே உள்ளே போகாது. கார்கோ பேண்டில் தொடைப் பக்கம் இருப்பது இதற்கு அண்ணன். பக்கங்களில் கூடுதல் பட்டை வைத்துத் தைப்பதால் பெட்டி மாதிரி விரியும். 1930களின் கடைசியில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் உடையில் தொடையில் பெரிய பாக்கெட் வந்தது, பிறகுதான் கல்லூரிப் பையன்களுக்கு.

மழைக்கால டீச்சர்

எல்லோரும் ஆண்கள் துணிக்கே போய்விட்டீர்கள். கடைக்குப் போய் வந்தேன். கோட்டாறு அண்ணன் சொன்ன ஜிப்பா கேள்வியைக் கேட்டேன். டெய்லர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், முடியாது என்று இல்லை, சீசனில் முடியாது" என்றார். உண்மையான காரணம் நேரம்தானா?

ஊசிமுனை

நேரம்தான். கடையில் மெஷினில் இருப்பவருக்கு உருப்படிக் கணக்கில் கூலி. பாக்கெட் இல்லாத டாப்புக்கும் பாக்கெட் வைத்த டாப்புக்கும் அவர் கையில் வருவது ஒன்றே என்றால் எதற்குப் பை வெட்டி, ஓவர்லாக் அடித்து, ஓபனை மாற்றி உட்கார்ந்திருப்பார்? "ஷேப் போய்விடும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது சுலபம், "கூலி போதாது" என்று முதலாளியிடம் சொல்வது கஷ்டம். பாக்கெட்டுக்குத் தனிக் கூலி எவ்வளவு என்று நீங்களே முதலில் கேளுங்கள். நான் அப்படிக் கேட்பவர்களுக்கு ஒருநாளும் மறுத்ததில்லை.

கோட்டாறு டெய்லர்

அம்மா சொன்னது நூறு சதவீதம். கடைச்சீட்டில் டெய்லர் குறித்துக்கொள்ள இப்படிச் சொல்லுங்கள் டீச்சர்: வலதுபக்கம் ஒன்று போதும், சைடு பாக்கெட், வாய் ஆறரை, இடுப்பிலிருந்து ஒன்றரை இஞ்ச் கீழே தொடக்கம், பை முன்பக்கம் மடங்க வேண்டும், ஓபன் 2 இஞ்ச் இறக்கம், பை பாப்ளினில், வாய் ஓரத்தின் உள்பக்கம் டாப் துணியிலேயே பட்டை. கடைசியாகச் சொன்னதை மறக்க வேண்டாம், பட்டை இல்லாவிட்டால் உட்காரும்போது வெள்ளைப் பாப்ளின் பல் இளிக்கும்.

தேங்காப்பட்டணம் ரெடிமேட் ரசிகை

தைப்பவர்கள் சண்டையை முடித்தால் என் சந்தேகத்தையும் பாருங்கள். ரெடிமேடில் கோட் மாதிரி ஒன்று வாங்கினேன், பாக்கெட் வாய் தைத்து மூடியிருக்கிறது. ஏமாற்றா?

ஊசிமுனை

இரண்டு வகை உண்டு அக்கா. சிலவற்றில் கடையில் தொங்கும்போது தொய்யாமல் இருக்க லேசான நீளத் தையல் போட்டு மூடியிருப்பார்கள். உள்பக்கம் லைனிங்கைத் தடவிப் பாருங்கள், பை இருந்தால் விரலுக்குத் தெரியும். தையல் பிரிக்கிற ஊசியால் ஒவ்வொரு தையலாக எடுத்துவிட்டால் பாக்கெட் உங்களுடையது. கத்தரியை உள்ளே விட்டு வெட்டாதீர்கள், உதடு போய்விடும். பை தட்டுப்படவில்லை என்றால் அது வெறும் மூடிதான், பாக்கெட்டே கிடையாது. அதைத் திறந்தால் நேரே லைனிங் தெரியும். இந்த இரண்டாவது வகைக்கு நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

சாரம்கட்டி

பனியனில் பாக்கெட் வைத்து வந்ததே முன்பு, அது இப்போதும் கிடைக்கிறதா? கடைக்குப் போகும்போது சட்டை போட வேண்டாம்.

இடதுகை

பெரியவர்கள் எடுக்கிற ஜவுளிக்கடையில் கைவைத்த பனியன் கேளுங்கள், கிடைக்கும். பாக்கெட் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அண்டிக்கடை அக்கா

நான் இந்தப் பக்கம் புதிது. முந்திரி ஆலையில் வேலை, சேலைதான் கட்டுவேன். சேலைக்கு யாரும் வழி சொல்லவில்லையே. முந்தானையில் முடிந்தால் உட்கார்ந்து எழும்போது அவிழ்கிறது. பர்ஸை ரவிக்கைக்குள் வைத்தால் வியர்வையில் நோட்டு ஊறிப்போகிறது.

ஊசிமுனை

அக்கா, உள்பாவாடையில் வையுங்கள். எனக்கும் என் அம்மாவுக்கும் அப்படித்தான். பழைய காட்டன் உள்பாவாடை போதும். வலது இடுப்பில், நாடா ஓடும் பட்டிக்கு நேர் கீழே, 5 இஞ்ச் அகலம் 7 இஞ்ச் நீளத்தில் ஒட்டுப் பாக்கெட். மேல் ஓரத்தைப் பட்டியின் தையலோடு சேர்த்துப் பிடித்துவிட வேண்டும், அப்போதுதான் கனம் நாடாவில் நிற்கும், துணி கிழியாது. அப்படிப் பிடித்தால் வாய் எங்கே என்று கேட்பீர்கள். வாயை மேலே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள், முன்பக்கம் பார்த்தபடி, மேலிருந்து நாலரை இஞ்ச் திறந்து விட்டு மிச்சத்தைத் தைத்துவிடுங்கள். வாய்க்கு நடுவில் ஒரு பிரஸ் பட்டன்.

சேலைக் கொசுவம் இடதுபக்கம் தள்ளி வரும்படி செருகினால் வலதுபக்கம் மடிப்பு குவியாது, கை சுலபமாகப் போகும். போன் வைக்க வேண்டாம், கனம் தாங்காது. நோட்டு, ஆதார் அட்டை, சாவி, பஸ் சீட்டு, இவ்வளவு போதும். நோட்டை மட்டும் ஒரு சின்னப் பாலித்தீன் உறையில் போட்டு வையுங்கள்.

அண்டிக்கடை அக்கா

சரி பிள்ளே, என்னிடம் மெஷின் இல்லை. கைத்தையலில் நிற்குமா?

ஊசிமுனை

நிற்கும். இரட்டை நூல், ஒவ்வொரு குத்துக்கும் அரைக் குத்து பின்னால் வந்து தையுங்கள். வாயின் இரண்டு முனையில் மட்டும் அதே இடத்தில் ஐந்தாறு குத்து.